ஐந்து பொம்மைகளுக்கு நான் உடை மாற்றிய கதை

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் உண்டு, உறங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே உங்களுக்கு மூட்டுவலியும் அத்தானுக்குக் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இரண்டில் ஒன்றாவது குறைந்திருந்தால் சந்தோஷம். போனில் சொல்லக்கூடாதா, எதற்கு இந்தக் காலத்தில் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். ஐம்பத்தாறு வருடமாக அதுதான் நடைமுறை. இந்த விஷயத்தை நான் முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் சொன்னால்தான் விளங்கும். அதோடு, சொல்லும்போது குரல் போகிற போக்கு உங்களுக்குத் தெரிந்துவிடும். காகிதத்தில் தெரியாது. நீங்கள் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர், நான் எட்டாம் வகுப்பைத் தாண்டி இரண்டே மாதம் போனவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். போன தடவை போலச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம். உங்கள் தம்பி பெண்டாட்டி அதைச் சட்டம் போட்டு மாட்டப் பார்த்தாள்.

விஷயம் உங்கள் மருமகளை, அதாவது என் மகளைப் பற்றியது என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். எழுதிப் பார்த்தால் என்னைப் பற்றியதாக இருக்கிறது. அவள் அந்தப் பெரிய துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். மூன்று மாதம் சோதனைக் காலம், அதன் பிறகு பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் கும்பிடு. "என்னம்மா வேலை?" என்று கேட்டதற்கு "டிஸ்ப்ளேப்பா" என்றாள். துணியை மடித்து அடுக்குகிற வேலை என்று நான் எடுத்துக்கொண்டேன். வீட்டில் ஒரு துண்டைக்கூட மடிக்காத பிள்ளைக்கு அப்படி ஒரு வேலை கிடைத்ததே என்று ஆச்சரியப்பட்டேனே தவிர, மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இந்தக் கடிதத்தில் 'கேட்டிருக்கலாம்' என்று நான் எழுத வேண்டிய இடங்கள் நிறைய வரும். எல்லா இடத்திலும் எழுதவில்லை, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் உடுத்துகிற விதமே மாறிவிட்டது. மேலே நீலக் கோடு போட்ட சட்டை, கீழே பூப்போட்ட பாவாடை, கழுத்தில் புள்ளி போட்ட ஒரு துணி. மறுநாள் பெரிய கட்டம் போட்ட பேண்ட், அதற்கு மேல் இலையும் கொடியுமாக ஒரு சட்டை. மூன்றாம் நாள் புள்ளிக்கு மேல் புள்ளி. ஆனால் ஒரு புள்ளி எலுமிச்சம்பழம் அளவு, இன்னொன்று மிளகு அளவு. நான் முப்பது வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறவன். எனக்கு ஒரு சுவருக்கு ஒரு டிசைன். பெட்டி மாறி ஒரே ஒரு ஓடு வேறு டிசைனில் விழுந்துவிட்டால், வீட்டுக்காரர் பரவாயில்லை என்றாலும் கேட்காமல் உடைத்து எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டுகிற ரகம். அப்படிப்பட்டவன் வீட்டில், காலை எட்டரை மணிக்கு ஒரே ஆள் மேல் மூன்று டிசைன் ஏறி நடந்து போனால் எனக்கு எப்படி இருக்கும்? கை அரிக்கும். சுத்தியலைத் தேடும்.

எதிர்வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார், தினமும் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டே தெருவைத் தணிக்கை செய்கிறவர். அவர் ஒருநாள், "என்ன சார், உங்க வீட்ல காலைல கரண்ட் இல்லையா?" என்றார். எனக்கு விளங்கவில்லை. "இருக்கே" என்றேன். "இல்ல, பொண்ணு இருட்டுல உடுத்திக்கிட்டு வந்த மாதிரி இருந்துச்சு, அதான் கேட்டேன்" என்றார், வாய் நிறைய நுரையோடு. அன்றிலிருந்து அவளோடு பேருந்து நிறுத்தம் வரை சேர்ந்து நடப்பதை விட்டுவிட்டேன். செருப்பு வார் கழன்ற மாதிரி, சாவியை மறந்த மாதிரி, ஏதாவது ஒரு சாக்கில் பத்தடி பின்தங்கிவிடுவேன். ஒருநாள் அவள் திரும்பி நின்றாள். "ஏம்பா, தினமும் இந்தச் செருப்பு இதே இடத்துலதான் கழலுமா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற பிள்ளையோடு தெருவில் சேர்ந்து நடக்க வெட்கப்பட்டவன் உங்கள் தம்பி.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். "ஏம்மா, உங்க கடையில மேலயும் கீழயும் ஒரே டிசைன்ல ஒண்ணும் கிடைக்காதா?"

"கிடைக்கும்பா. அது தூங்குறப்ப போடுற டிரஸ்."

"அப்ப இது?"

"இது முழிச்சிருக்கிறப்ப போடுறது. ரெண்டு டிசைன் சேர்த்துப் போட்டா, ரெண்டுலயும் பொதுவா ஒரு நிறம் இருக்கணும். ஒண்ணு பெரிய டிசைன்னா இன்னொண்ணு சின்னதா இருக்கணும். கோடு மட்டும் எல்லாத்தோடயும் நல்லாப் பேசும்."

"எது எதோட பேசுதோ எனக்குத் தெரியாதும்மா. தெரு பூரா பேசுது."

"நீங்க உங்க தட்டைப் பார்த்துச் சாப்பிடுங்க" என்றாள் உங்கள் தம்பி பெண்டாட்டி. நிமிர்ந்து பார்த்தால், அவள் போட்டிருந்த கட்டம் போட்ட அங்கிக்கும் இடுப்பில் கட்டியிருந்த பூப்போட்ட துணிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீட்டுக்குள் தொற்றிவிட்டது என்று புரிந்தது. வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

நடுவில் ஒன்றைச் சொல்ல விட்டுப்போனது. அவள் சேர்ந்த முதல் வாரமே நான் அந்தக் கடைக்கு ஒரு தடவை போய்த் தொலைத்தேன். பிள்ளை வேலை செய்கிற அழகைப் பார்க்கத்தான். அங்கே ஒருவர் கட்டம் போட்ட சட்டையைத் தோளில் வைத்து நிலைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் இருந்த கட்டமும் சட்டையில் இருந்த கட்டமும் சேரவில்லை, ஒரு நூல் இறங்கியிருந்தது. சும்மா இருக்க முடியுமா? "சார், ஜாயின்ட் தப்பா விழுந்திருக்கு" என்றேன். அவர் சட்டையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை உங்கள் மருமகள் இரண்டு கையையும் கூப்பினாள். "அப்பா, மூணு மாசம் மட்டும் அந்தப் பக்கம் வராதீங்க. நிரந்தரமானதும் நானே கூட்டிட்டுப் போறேன்." சரி என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பதில் நான் என்றைக்கும் குறை வைத்ததில்லை.

இன்றோடு எட்டு நாள் ஆகிறது. காலை ஆறு மணிக்கு ஒப்பந்தக்காரர் கூப்பிட்டு, "ஒரு கடையில முன்கண்ணாடி மேடையில மூணு ஓடு வெடிச்சிருக்கு, ஒம்பது மணிக்குள்ள முடிச்சாகணும், உன்னை விட்டா ஆள் இல்ல" என்றார். உன்னை விட்டால் ஆள் இல்லை என்று யார் சொன்னாலும் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன், அது என் பலவீனம். வாசலில் உங்கள் மருமகள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "இன்னைக்கு எனக்கு முக்கியமான நாள்பா" என்றாள். "நல்லா நடக்கும்மா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். என்ன நாள், என்ன முக்கியம் என்று நின்று கேட்கவில்லை. (இந்த இடத்தில் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.) போய் இறங்கினால் அதே கடை. திரும்பியிருக்க வேண்டும். ஆனால் கடை திறப்பது ஒன்பதரைக்கு, அவள் வருவது ஒன்பதே காலுக்கு, நான் ஒன்பதுக்கே மூட்டையைக் கட்டிவிடலாம் என்று மனசுக்குள் ஒரு திட்டம். மீசை மட்டும் விறைப்பாக இருந்த காவலாளி கதவைத் திறந்துவிட்டு, "சீக்கிரம் முடிங்கண்ணே. இன்னைக்கு தலைமை ஆபீஸ்ல இருந்து மேடம் வர்றாங்க. இந்தக் கண்ணாடியைத்தான் பார்க்க வர்றாங்களாம்" என்றார்.

அக்கா, இதற்கு மேல் 'நீங்கள்' என்று எழுதினால் கதை நகராது. நீ என்றே எழுதுகிறேன். அத்தானுக்குப் படித்துக் காட்டினால் மரியாதையாக மாற்றிப் படி.

தெருவைப் பார்த்த அந்தக் கண்ணாடி மேடையில், துணி மாட்டிக் காட்டுகிற ஐந்து பொம்மைகள், ஆள் உயரத்துக்கு. ஐந்தும் அச்சு அசல் உன் மருமகள் மாதிரியே உடுத்திக்கொண்டு நின்றன. கோட்டுக்குக் கீழே பூ, கட்டத்துக்கு மேலே இலை, தோளில் புள்ளி. முதலில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. சரி, வியாதி இங்கேயிருந்துதான் வந்திருக்கிறது, பிள்ளை மேல் தப்பில்லை என்று. அடுத்து ஒரு கவலை வந்தது. எவரோ அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், தலைமை அலுவலக அம்மா வந்து பார்த்தால் புதிதாகச் சேர்ந்த என் பிள்ளை தலையில்தானே விழும் என்று. அந்தக் கவலைதான் அக்கா, மற்ற எல்லாவற்றையும் செய்தது.

ஓடு வெட்டினால் தூசி பறக்கும். வேலை தொடங்குமுன் சுற்றி இருப்பதை மூடு, இல்லாவிட்டால் நகர்த்து. தொழிலில் முதல் பாடமே அதுதான். பொம்மைகளை அப்படியே நகர்த்தினால் துணி பாழாகும். ஆகவே துணியைக் கழற்றினேன். ஒவ்வொன்றின் முதுகிலும் இருபது குண்டூசி. கண்ணாடிக்கு நேர் எதிரே பேருந்து நிறுத்தம் இருப்பதை நான் யோசிக்கவில்லை. காலை ஏழு மணிக்கு, விளக்கெரிகிற கண்ணாடிக்குள், ஐம்பத்தாறு வயது ஆள் ஒருவன் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஒரு பெண் பொம்மையின் பாவாடையைப் பிடித்து இழுக்கிறான். வெளியே ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு அம்மா தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். ஒருவர் கைபேசியை உயர்த்தினார். நான் பதறிப்போய் என் பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து ஐந்தையும் சேர்த்து மூடினேன். அது இன்னும் மோசம். ஐந்து பேரை நான் என்னவோ செய்து போர்த்தி வைத்த மாதிரி ஆகிவிட்டது. அந்த இழுபறியில் ஒரு பொம்மையின் கை கழன்று என் கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டே வெளியே பார்த்துச் சிரித்தேன். யாரும் பதிலுக்குச் சிரிக்கவில்லை. பேருந்து வந்ததும் வழக்கத்தைவிட வேகமாக ஏறிக்கொண்டார்கள்.

கழற்றிய துணியை எப்படி வைத்தேன் என்கிறாய்? ஓட்டுப் பெட்டி அடுக்குகிற மாதிரி. கோடெல்லாம் ஒரு அடுக்கு, பூவெல்லாம் ஒரு அடுக்கு, கட்டம் ஒன்று, புள்ளி ஒன்று, இலை ஒன்று. முப்பது வருடப் பழக்கம், என்னைக் கேட்காமலே கை செய்துவிட்டது. எந்தப் பொம்மை எதைப் போட்டிருந்தது என்று நான் பார்த்து வைக்கவில்லை. எட்டேகால் மணிக்கு மூன்று ஓடும் உட்கார்ந்துவிட்டன. ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் அசையாமல் நின்றது. அந்தத் தெம்பில் திரும்பிப் பார்க்கிறேன், ஐந்து பொம்மை, ஐந்து அடுக்கு. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? கோடு ஒருத்திக்கு, மேலும் கோடு, கீழும் கோடு, கழுத்திலும் கோடு. கட்டம் இன்னொருத்திக்கு. பூவில் மட்டும் சட்டை இல்லை, இரண்டு பாவாடை இருந்தது. ஒன்றை இடுப்பில் கட்டி, மற்றதைக் கழுத்துவரை ஏற்றிக் கட்டினேன். குண்டூசி குத்தி என் விரலெல்லாம் ரத்தம், அதனால் முதுகுப் பக்கம் கட்டுக்கம்பியால் முறுக்கிவிட்டேன். ஐந்து பேருடைய ஆடை விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தேன். கழன்ற கையையும் மாட்டினேன். எந்தப் பக்கத்துக் கை என்பதில் சின்னக் குழப்பம், ஆனாலும் உட்கார்ந்துவிட்டது.

காவலாளி எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, முன்ன மாதிரி இல்லையே?"

"முன்ன தப்பா இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

"அப்படியா? தினமும் பத்துப் பேராவது நின்னு பார்த்துட்டுப் போவாங்க."

"இனிமே நூறு பேர் நிப்பாங்க, பாருங்க."

சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தேன். எனக்கே கண் கலங்கிவிட்டது அக்கா. என் பிள்ளைக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு நல்லது செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது வாசலில் பேச்சுச் சத்தம். மணி எட்டே முக்கால்தான். தலைமை அலுவலக அம்மா சீக்கிரமே வந்துவிட்டார்கள், கூடவே கடை மேலாளர், அவருக்குப் பின்னால் உன் மருமகள். வராதே என்றவள் முன்னால் எப்படி நிற்பது? மூலையில் வாளியோடு குந்தி, பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். அடுத்து நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை, கேட்டேன். கேட்டதே போதும்.

செருப்புச் சத்தம் மேடைக்கு முன்னால் வந்து நின்றது. பிறகு அந்த அம்மாவின் குரல். "நீங்க போட்டோ அனுப்பின கண்ணாடி இதுதானா?"

"மேடம், நேத்து சாயங்காலம் வரைக்கும்..." என்று மேலாளர் இழுத்தார்.

"இது கண்ணாடி மாதிரியா இருக்கு? கிடங்கு மாதிரி இருக்கு. கோட்டுக்கு ஒரு அலமாரி, கட்டத்துக்கு ஒரு அலமாரி. இந்தப் பொண்ணு ஜெயில்ல இருந்து நேரா வந்த மாதிரி நிக்குது. அந்தப் பொண்ணு ஏன் கழுத்துவரைக்கும் பாவாடை கட்டியிருக்கு, குளிக்கப் போகுதா? இது ஏன் கையைப் பின்னால திருப்பி யாரையோ கூப்பிடுது?"

உண்மையைச் சொல்கிறேன், விரிப்புக்கு அடியில் எனக்கு முதலில் ரோஷம்தான் வந்தது. விளிம்பு மட்டத்தில் ஒரு குறை சொல்ல முடியுமா என்று எழுந்து கேட்கலாம் போலிருந்தது. அதற்குள் அந்த அம்மா, "இந்தக் கண்ணாடி யார் பொறுப்பு?" என்றார்கள்.

"நான்தான் மேடம்."

உன் மருமகள் குரல். டிஸ்ப்ளே என்றால் என்ன என்று அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. மூன்று மாதமாக அவள் வீட்டில் கோட்டையும் பூவையும் தன் மேலேயே போட்டுப் போட்டுப் பார்த்தது எதற்கு என்று தெரிந்தது. முக்கியமான நாள் எது என்று தெரிந்தது.

"போட்டோவுல இருந்தது யார் செஞ்சது?"

"அதுவும் நான்தான்."

"நல்லா இருந்ததே. அதை ஏன் மாத்தின?"

என் துடைப்புத் துணியிலிருந்து வாளிக்குள் சொட்டுகிற தண்ணீர் எனக்கே கேட்டது. பிறகு சொன்னாள். "பயந்துட்டேன் மேடம்."

"எதுக்கு?"

"பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்களோன்னு."

அக்கா, பயந்தவன் விரிப்புக்கு அடியில் குந்தியிருந்தான். பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று மூன்று மாதமாகப் பத்தடி தள்ளி நடந்தவன் நான். எழுந்து நின்று, "அம்மா, இது என் கைவேலை, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் முடிந்தது. எழவில்லை. சிமெண்ட் தூசியோடு எழுந்து நின்றால் இவள் அப்பா டைல்ஸ்காரர் என்று எல்லோருக்கும் தெரிந்து அவளுக்குக் கேவலமாகிவிடும், அதனால்தான் எழவில்லை என்று அன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஒருநாளும் அவள் என் வேலையைச் சொல்லக் கூசியதில்லை. கூசினது நான்தான், எனக்காகத்தான். "மூலையில அது என்ன?" என்று அந்த அம்மா கேட்க, காவலாளி "டைல்ஸ் சாமான் மேடம்" என்றார். அவர் சொன்னது சரி. அந்த நேரத்தில் அங்கே இருந்தது ஒரு சாமான்தான்.

"பயப்படுறவங்க கையில கண்ணாடியைக் கொடுக்க முடியாதும்மா. பத்து நாள்ல எழுத்துல சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போனார்கள். எல்லோரும் போன பிறகு நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துவிட்டேன். ரசமட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், எடுக்கப் போகவில்லை.

அன்று மாலை வந்து சாப்பிட்டாள், படுத்தாள். மறுநாள் காலை பார்க்கிறேன், சாம்பல் நிறச் சட்டை, கறுப்புப் பேண்ட். ஒரு கோடில்லை, ஒரு புள்ளியில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. நான் ஆசைப்பட்டது இதைத்தானே? ஆனால் அவள் அந்தச் சாம்பல் சட்டையில் தெருவில் இறங்கும்போது, பூச்சு பூசாத சுவர் நடந்து போகிற மாதிரி இருக்கிறது. நான் செருப்பைச் சாக்குச் சொல்லாமல் ஒட்டி ஒட்டி நடக்கிறேன், அவள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே வருகிறாள். எதிர்வீட்டுக்காரர் நுரையை ஒதுக்கிவிட்டு, "பொண்ணு இப்பதான் லட்சணமா உடுத்துது சார்" என்றார். "நீங்க முதல்ல வாயைக் கொப்பளிங்க" என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு அக்கம்பக்கத்தாரை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவும் அவள் காதில் விழாத தூரத்தில்.

தினமும் மாலை சொல்லிவிடுவது என்று அவள் அறை வாசல்வரை போகிறேன். வாயைத் திறந்தால் வேறு ஏதோ வருகிறது. முதல் நாள் "ஃபேன் சரியா சுத்துதாம்மா?" இரண்டாம் நாள் "ஜன்னல் கதவு இறுக்கமா இருக்கா?" நேற்று "இந்தத் தரை வழுக்குதா?" என்று கேட்டேன். நானே ஒட்டிய தரை. "இல்லப்பா" என்கிறாள். "ஏதாவது சொல்லணுமாப்பா?" என்கிறாள். "இல்லம்மா, தரையைப் பத்தித்தான்" என்று வந்துவிடுகிறேன்.

நாலு நாளைக்கு முன் வேலை முடிந்து வரும்போது கடைக்கு எதிரே இருக்கிற அந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கினேன். என்னை யாராவது அடையாளம் கண்டுகொள்வார்களோ என்று தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தேன். உன் மருமகள் கண்ணாடியை முன்பு இருந்த மாதிரியே மாற்றி வைத்திருக்கிறாள். கோட்டுச் சட்டைக்குக் கீழே பூப்பாவாடை. ஓடு ஒட்டப் போன காலையில் கிட்டத்தில் நின்று பார்த்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால், சட்டையில் இருக்கிற கோட்டின் நீலம் பாவாடையில் ஒவ்வொரு பூவின் நடுவிலும் சின்னதாக உட்கார்ந்திருக்கிறது. அந்த நீலம்தான் கண்ணை மேலிருந்து கீழே கூட்டிக்கொண்டு போகிறது. அடுத்த பொம்மையின் தோளில் அதே நீலம் புள்ளியாக இருக்கிறது. ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள். இரண்டு பெட்டி வெள்ளை ஓட்டைப் பக்கத்தில் வைத்தால் இது வேறு ஷேடு என்று விளக்குப் போடாமலே சொல்கிறவன் நான். என் வீட்டில் மூன்று மாதம் காலையில் என் முன்னாலேயே நடந்து போன நீலத்தைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் இரண்டு பெண்கள், "அந்தச் சட்டை என்கிட்ட இருக்கு, இந்த மாதிரி பூவோட போட்டுப் பார்க்கலாமே" என்று பேசிக்கொண்டார்கள். என் மகள் செய்தது என்று அவர்களிடம் சொல்ல வாய் துறுதுறுத்தது. சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று அடுத்த பேருந்தில் ஏறிவிட்டேன்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பத்து நாளில் எட்டு முடிந்துவிட்டது. நாளை மறுநாள் நான் தலைமை அலுவலகத்துக்கே போய் அந்த அம்மாவைப் பார்த்து உண்மையைச் சொல்லப் போகிறேன். வாய் அடைத்துக்கொண்டால் நீட்டுவதற்கு ஒரு விண்ணப்பம் கையில் வேண்டும். நானே எழுதிப் பார்த்தேன். 'கீழே கையொப்பமிட்டுள்ள நான், மேற்படி தேதியில் தங்கள் கடையின் ஐந்து பொம்மைகளின் உடைகளைக் கழற்றியது நான்தான் என்று இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன்' என்று வந்தது. உன் தம்பி பெண்டாட்டி கண்ணில் பட்டால் என்ன நினைப்பாள் என்று கிழித்துப் போட்டேன். நீ நல்ல தமிழில், மரியாதை குறையாமல், பொம்மை என்ற சொல் முடிந்தவரை குறைவாக வருகிற மாதிரி ஒன்று எழுதிக் கொடு. இந்தக் கடிதம் விரைவுத் தபாலில் நாளைக்கே வந்துவிடும், நீ எழுதியதைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பு. இரண்டாவது, உன் மருமகளைப் போனில் கூப்பிட்டு மனசில் என்ன இருக்கிறது என்று பக்குவமாகக் கேள். கண்ணாடியை மாற்றியது நான் என்று அவளுக்குத் தெரியாது, ஏதோ வேலையாள் கலைத்துவிட்டதாக நினைத்திருப்பாள். அவளுக்கும் உன் தம்பி பெண்டாட்டிக்கும் இது நீ சொல்லித் தெரியக்கூடாது. நானே சொல்கிறேன். எப்போது என்று மட்டும் கேட்காதே.

அத்தானுக்கு என் வணக்கம். பெரியவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் ஆசிகள், குழந்தைக்கு என் முத்தங்கள். உன் ஆசீர்வாதத்தை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே அனுப்பு, இந்த வாரம் செலவு அதிகம்.

இப்படிக்கு,
எட்டு நாளாகத் தலை நிமிராத உன் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நீ படிக்க வேண்டாம். இதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும், இடமில்லை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு உறை தேடப் போனேன். திரும்பி வந்தால் உன் மருமகள் உட்கார்ந்து ஆறாம் பக்கம் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம். விரிப்புக்கு வெளியே தெரிந்த குதிகாலைப் பார்த்தாளாம். அன்று மாலையே அந்த அம்மாவிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அந்த அம்மா சிரித்து முடித்துவிட்டு, மறுபடி செய்து காட்டு என்றார்களாம், மறுநாள் காலை செய்து காட்டினாளாம். நிரந்தரக் கடிதம் கைக்கு வந்து நாலு நாள் ஆகிறது, அவள் பைக்குள் இருக்கிறது. தலைமை அலுவலகத்தில் என்னைத் தெரியாதவர்கள் இல்லையாம். உன் தம்பி பெண்டாட்டிக்கும் முதல் நாளே தெரியும். சாம்பல் சட்டை வேண்டுமென்றே போட்டதாம், நான் எத்தனை நாள் தாங்குகிறேன் என்று பார்க்க.

"அப்புறம் ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு தினமும் காத்துட்டிருந்தேன்பா. அத்தைக்கு எட்டுப் பக்கம் எழுத வருது. பக்கத்து ரூம்ல இருக்கிற எனக்கு ஃபேனைப் பத்தியும் தரையைப் பத்தியும்தான் சொல்ல வருது."

நின்றபடியே சொன்னேன், தப்பு என்னுடையது, மன்னிச்சுக்கோம்மா என்று. "கேக்கலப்பா" என்றாள். மறுபடி சொன்னேன். அடுப்படியிலிருந்து "இங்கயும் கேக்கல" என்றாள் உன் தம்பி பெண்டாட்டி. மூன்றாவது தடவை சொன்னேன். ஆகவே விண்ணப்பம் வேண்டாம், போன் செய்ய வேண்டாம். பேனாவை உன் மருமகள் கேட்கிறாள், கொடுக்கிறேன்.

அத்தை, நான்தான். அப்பா அழுதுட்டிருக்கார். சிமெண்ட் தூசி கண்ணுல விழுந்துடுச்சுன்னு எழுதச் சொல்றார். இன்னைக்கு அவருக்கு வேலை லீவு.